சாபிரா வீட்டுக் காய் சேமியா

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் இருந்த சந்தில் சாபிராவின் முகம் தெரியாதவர்கள் இருந்திருக்கலாம். அவள் கையால் திரித்த சேமியாவைத் தின்னாதவர்கள் கிடையாது. நோன்பு மாதம் நெருங்குகிறது என்றால் பெண்கள் ஆளுக்கொரு படி மாவைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலில் வந்து நிற்பார்கள். பிசைந்த மாவை இடது உள்ளங்கையில் அடக்கிக்கொண்டு, வலது கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் உருட்டி உருட்டி இழுப்பாள். நூல் இறங்கி முறத்தில் சுருண்டுகொண்டே போகும். நடுவில் அறுந்தால் மட்டும் அவள் நெற்றி சுருங்கும். மற்றபடி அவள் கோபப்பட்டோ அழுதோ யாரும் பார்த்ததில்லை.

பிறவியிலேயே அப்படி என்று சொல்ல முடியாது. இரண்டு குழந்தைகள் பிறந்தன. இரண்டும் நாற்பதாம் நாள் தலைக்குளிப்பைப் பார்க்கவில்லை. இரண்டாவது பிள்ளையின் மையித்தை வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போன பிற்பாடு அவளுக்குள்ளே ஏதோ ஒன்று அடங்கிவிட்டது. வீடு ஒழுகுகிறதா, சரி. புருஷன் கத்துகிறாரா, சரி. பெருநாளுக்குப் புதுப்புடவை இல்லையா, அதுவும் சரி. இப்படி ஒரு பெண்ணை நம் ஊரில் 'தங்கமான குணம்' என்று மெச்சிக்கொள்வார்கள். அவளுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை பாருங்கள், அந்தச் சௌகரியம்தான்.

புருஷன் மதார் சாகிப் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே போட்ட பலகையில் முதுகில் மூட்டையோடு அவர் நடக்கிற அழகைப் பார்க்க மற்ற ஆட்கள் நின்றுவிடுவார்கள் என்று அவரே சொல்வார். பொய்யில்லை, நல்ல ஆகிருதிதான். சாப்பாட்டில்தான் கொஞ்சம் நவாப்பு. சோறு மல்லிகைப்பூ மாதிரி வெளுப்பாக இருக்க வேண்டும். கொஞ்சம் பழுப்பாக இருந்தாலும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார்.

யுத்தம் வந்து ரங்கூன் அரிசி நின்றது. ரேஷன் கடை வந்தது. நன்றாகத் தீட்டிய ஒரு பிடி அரிசி, மீதிக்குக் கோதுமை என்று அளந்து போட்டார்கள். சோறு தின்று பழகின சனத்துக்குக் கோதுமையை என்ன செய்வது என்றே தெரியவில்லை. ஒருத்தி முழுக் கோதுமையை அரிசி மாதிரி உலையில் போட்டுவிட்டு, சாயங்கால அஸர் தொழுகைக்கு வாங்கு சொல்கிற வரைக்கும் வெந்ததா வெந்ததா என்று கிண்டிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி சுட்ட சப்பாத்தியைப் பார்த்து அவள் மாமனார், “இத்த கால்ல போட்டுகினு மார்க்கெட்டுக்குப் போலாம்மே” என்றாராம். சாபிராவுக்குக் கோதுமையைக் கொண்டு செய்யத் தெரிந்தது ஒன்றே ஒன்று. வருஷத்துக்கு ஒரு முறை செய்ததைத் தினமும் செய்ய ஆரம்பித்தாள்.

அதில் ஒரு சங்கடம் இருந்தது. தண்டையார்பேட்டை மில்லில் அரைத்து வாங்கி வருகிற மாவில் தவிடு இருக்கும். தவிடு இருந்தால் நூல் இறங்காது, அறுந்து அறுந்து போகும். ஆகவே சல்லடையில் ஒரு தடவை சலித்து, பிறகு மதார் சாகிப்பின் பழைய மல் தலைப்பாகைத் துணியில் இன்னொரு தடவை சலிப்பாள். கீழே இறங்கினது பால் மாதிரி இருக்கும். அதைத் திரித்துக் காயவைத்து, பெரிய சட்டியில் தளதளவென்று தண்ணீர் கொதிக்கவிட்டு வேகவைத்து, சோறு வடிக்கிற மாதிரியே வடித்துவிடுவாள். சுரைக்காயோ முள்ளங்கியோ பூசணியோ, கிடைத்த காயைத் தோல் சீவிப் பொடியாக நறுக்கி, அதையும் தனியே வேகவைத்து அந்தத் தண்ணீரையும் வடித்துவிடுவாள். நீர் நின்றால் சேமியா குழைந்து போகும். வெங்காயம், பச்சைமிளகாய் தாளித்து இரண்டையும் சேர்த்துப் புரட்டித் தட்டில் கொட்டினால் ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிரி உதிரியாக விழும். மதார் சாகிப் பேசாமல் தின்பார். அவர் பேசாமல் தின்றால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

சலித்த துணியில் தங்குகிற தவிட்டைக் கொட்டிவிட மனசு வருமா? பஞ்ச காலம். அதோடு ஒரு பிடி மாவு சேர்த்துப் பிசைந்து, முள்ளங்கிக் கீரையைக் கிள்ளிப் போட்டு அடை தட்டிக்கொள்வாள். சுரைக்காய்த் தோலை வதக்கித் துவையல் அரைப்பாள். வடித்த தண்ணீரில் உப்புப் போட்டுக் குடிப்பாள். இதெல்லாம் அவள் சாப்பாடு. யாரும் கட்டளை போடவில்லை. அவள் அம்மாவும் அப்படித்தான், அவளும் அப்படித்தான். வீட்டுக்காரர் தின்று கை கழுவின பிறகு சாக்குத் திரைக்கு அந்தப் பக்கம் அடுப்படியில் உட்கார்ந்து தின்பாள். பெண்டாட்டி தட்டில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கிற புருஷன் அந்தச் சந்திலேயே ஒருத்தரும் கிடையாது, இவரை மட்டும் தனியாகக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை.

இப்படியே வருஷம் ஓடிற்று. ஒரு நாள் மதார் சாகிப் வேலை விட்டு வந்து, “பாதம் ரெண்டும் துணி சுத்துனாப்புல கீது சாபிரா” என்றார். எண்ணெய் தேய்த்துவிட்டாள். கொஞ்ச நாளில் ஒரு காலில் செருப்பும் மறு காலில் ஒன்றுமில்லாமலும் வீடு வந்து சேர்ந்தார். எங்கே விழுந்ததென்று அவருக்கே தெரியவில்லை. பிறகு பலகைமேல் நடக்கையில் கால் மடங்கி, மூட்டை கடலில் போயிற்று. அவரும் போயிருப்பார், பக்கத்து ஆள் இடுப்பைப் பிடித்தான். “கால் சரியாவட்டும், அப்பால வா பாய்” என்று மேஸ்திரி வரதன் வீட்டுக்கு அனுப்பிவிட்டான். கூட்டத்தில் ஒரு ஆள் குறைந்தால் வேறொருவன் நிற்கிற உலகம் அது. கால் திரும்பாவிட்டால் மதார் சாகிப்புக்குத் துறைமுகமும் இல்லை, சாபிராவுக்கு அடுப்பும் இல்லை.

அவருடைய அக்காள் காத்தூன் பீவி கொருக்குப்பேட்டையில் இருந்தாள். செய்தி கேட்டு வந்தவள் தம்பியைப் பார்த்தாள், தம்பி பெண்டாட்டியைப் பார்த்தாள். இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடக்கிறாள்.

“தம்பி தேஞ்சு பூட்டான். நீ மட்டும் கிண்ணுனு கீற. இன்னாடி துன்ற நீ?” என்றாள்.

சாபிரா குடத்தை இறக்கி வைத்தாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? 'புருசனுக்குப் போடாம இவளே துன்னுடறா' என்று குழாயடி வரைக்கும் பேச்சு போயிற்று. அதையும் கேட்டுக்கொண்டாள். மறுநாளிலிருந்து மாவைத் துணியில் இரண்டு தடவை சலித்தாள். முன்னைவிட வெளுப்பாகச் சேமியா திரித்து, முன்னைவிட அதிகமாக அவர் தட்டில் வைத்தாள். அவர் கால் முன்னைவிடத் துவண்டது.

அந்தச் சமயத்தில் ரேஷன் கடை வாசலில் கோதுமைச் சமையல் சொல்லிக்கொடுக்க ஒரு அம்மாள் வந்தாள். பெயர் குணசுந்தரி. வீடு வீடாகப் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்கிற உத்தியோகம், சந்தில் எல்லோரும் நர்ஸம்மா என்பார்கள். “கோதுமையில் நீங்க என்ன செய்வீங்க, சொல்லுங்க” என்று கேட்டாள். பெண்கள் சிரித்துக்கொண்டு சாபிராவை முன்னால் தள்ளினார்கள். அவள் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சலிப்பதிலிருந்து தாளிப்பது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். நாலு பேர் நடுவில் அவள் அத்தனை பேசினது அன்றைக்குத்தான்.

நர்ஸம்மா கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, “சேமியா யாருக்கு?” என்றாள்.

“வூட்டுக்காரருக்கு.”

“அந்தத் தவிடு?”

“நான் அடை தட்டிக்குவேன்.”

“வடிச்ச தண்ணி?”

“நான்தான் குடிப்பேன். வீணாப் போவக்கூடாதுன்னு.”

நர்ஸம்மா ஒரு அடி கிட்டே வந்தாள். பிறகு கேட்டாள்: “அவருக்குக் கால் மரத்துப்போகுதாம்மா?”

சாபிரா தலையை ஆட்டினாள்.

நர்ஸம்மா நல்லவள், யாரையும் குத்திப் பேசுகிறவள் இல்லை. எல்லோருக்கும் சொல்வது போலவே சொன்னாள். கோதுமையில் நரம்புக்கு வேண்டிய சத்து மேல்தோலில்தான் இருக்கிறது, சலித்தால் அது தவிட்டோடு போய்விடும். காயில் இருக்கிற சத்தில் கொஞ்சம் தோலோடு போகும், மீதியில் பாதி வேகிற தண்ணீரில் இறங்கிவிடும். எல்லாம் போன பிறகு தட்டில் நிற்பது வயிற்றை ரொப்பும், அவ்வளவுதான். அதையே தின்றுகொண்டிருந்தால் சிலருக்குக் கை கால் மரத்துப்போகும், சிலருக்கு உடம்பு நீர் கோத்து வீங்கும், நெஞ்சுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. “சலிக்காதீங்க, வடிக்காதீங்க. அவருக்குத் தவிட்டைக் குடுங்க, சரியாயிடும்” என்றாள்.

சாபிரா ரேஷன் பையைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. பயிரை மேய்ந்தது வேலிதான் என்பது மட்டும் விளங்கிற்று. ஆசை ஆசையாய்ச் சலித்துச் சலித்து அவரை வெறும் வயிறாக்கிவிட்டு, அவர் உயிரை இவள் அடையாகத் தட்டித் தின்றிருக்கிறாள். காத்தூன் பீவி சொன்னது பொய்யில்லையே என்று நினைத்தாள். அதை நினைத்தபோதும் உள்ளே ஒன்றும் அசையவில்லை. நடையில் வேகம்கூடக் குறையவில்லை.

அன்றைக்கு ராத்திரி அவர் தட்டில் தவிட்டு அடையை வைத்தாள். மதார் சாகிப் அதை விரலால் புரட்டிப் பார்த்தார்.

“இன்னாது இது?”

“தவிட்டு அடைங்க. நர்ஸம்மா சொன்னாங்கோ. தவிட்டுலதான் சத்து கீதாம்.”

“அரிசி இல்லாத சர்க்காரு தவிட்டுல சத்து கீதுன்னுதான் சொல்லும்! நாளிக்கி வைக்கோல்ல கீதும்பான். துன்னுவியா?” தட்டு சுவரில் போய் அடித்தது. “சம்பாத்தியம் நின்னுச்சு, இப்ப மாட்டுத் தீனி. நான் இன்னா மாடா? அக்கா சொன்னப்ப நம்பல நான்.”

அவர் கேட்டதில் நியாயம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒன்றுமில்லாதவனிடம் 'ஒன்றுமில்லாததுதான் உடம்புக்கு நல்லது' என்று சொல்ல மேலிடத்தில் எப்போதும் ஆள் இருக்கும். அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்த மனுஷர். நூற்றில் ஒரு தடவை அது நிஜமாகவும் இருந்துவிடும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அவள் விடவில்லை. தவிட்டைக் கொஞ்சம் கலந்து சேமியா திரித்தாள். இழை துண்டு துண்டாக விழுந்தது, நிறமும் காட்டிக்கொடுத்தது, தட்டு திரும்பி வந்தது. வடித்த தண்ணீரில் மிளகு தட்டிப் போட்டு ரசம் என்று கொடுத்தாள். “கழுநீர்” என்று ஒரே வார்த்தையில் வைத்துவிட்டார். கடைசியில் பழையபடி வெள்ளைச் சேமியாவையே வைத்தாள், பட்டினி போடவும் முடியாதே. அவரும் பேசாமல் தின்றார். ஒவ்வொரு வாயும் எங்கே போகிறதென்று தெரிந்துகொண்டு பக்கத்தில் நின்று பரிமாறினாள்.

ஒரு நாள் மத்தியானம். தின்று முடித்துப் படுத்திருந்தவருக்குத் தாகம் எடுத்தது. கூப்பிட்ட குரல் சாபிராவுக்குக் கேட்கவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து சாக்குத் திரையை விலக்கினார். அடுப்புக்குப் பக்கத்தில் அவள் குந்திக்கொண்டு, கறுத்த அடையைக் கிள்ளித் துவையலில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் குவளையில் கலங்கின தண்ணீர். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் அந்தத் திரைக்கு இந்தப் பக்கம் அவள் சாப்பிடுகிற நேரத்தில் வந்ததில்லை.

உட்கார்ந்தார். அவள் கையிலிருந்ததைப் பிடுங்கி வாயில் போட்டு மென்றார். குவளையை எடுத்து ஒரு வாய் குடித்தார். முகம் கோணிற்று.

“எப்பலேந்து இத்த துன்னுகினு கீற?”

“கோதுமை போட ஆரம்பிச்சதுலேந்துதாங்க.”

“எனக்கு வெள்ளையாப் போட்டுட்டு?”

மதார் சாகிப் என்கிற அந்தப் பெரிய உருவம், பலகையில் மூட்டையோடு நடந்த உருவம், அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு விசித்து விசித்து அழுதது. “பாவி நான். நான் பாவி. பொண்டாட்டிய தவிடு துன்ன வுட்டுட்டு வெள்ளையாக் கேட்டேனே, அதான் அல்லா கால வாங்கிட்டான்.” பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, மேற்குப் பக்கம் திரும்பிக் கையேந்தி நேர்ந்துகொண்டார். “இன்னிலேந்து தவிடு, தோலு, தண்ணி எல்லாம் எனக்கு. வெள்ளை உனக்கு. இது என் நிய்யத். என் எதிருக்க ஒக்காந்து நீ துன்னணும்.”

சாபிரா வாயைத் திறந்தாள். சொல்லியிருக்கலாம். 'நீங்க நெனக்கிற மாதிரி இல்லீங்க, நல்லதெல்லாம் நான்தான் துன்னேன்' என்று ஒரு வார்த்தை. நம்பமாட்டார். நம்பினால் அதைவிட மோசம், அவளை வெள்ளையைத் தின்ன விடமாட்டார், இருக்கிற ஒரு பிடி தவிட்டைப் பாதி பாதியாக்குவார். அது இரண்டு பேருக்கும் காணாது. சத்து என்று சொன்னபோது சுவரில் எறிந்ததை இப்போது பாவம் என்று நினைத்துத் தானாகக் கேட்கிறார். கேட்கும்போது கொடுத்துவிட வேண்டும். வாயை மூடிக்கொண்டாள்.

அன்றிலிருந்து எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கண்டவர்கள் பூரித்துப்போவார்கள். அவர் அடையைக் கடித்து, துவையலை வழித்து, வடிதண்ணீரை மருந்து மாதிரி மூச்சுவிடாமல் குடிப்பார். அவள் முன்னால் காய் சேமியா வெள்ளை வெளேரென்று குவிந்திருக்கும். “மெள்ள துன்னு, யாரும் புடுங்க மாட்டாங்க” என்பார். அவள் ஒரு இழை விடாமல் தின்பாள். ருசி தெரிந்தது என்று சொல்வதற்கில்லை. இத்தனை நாள் அவர் பங்கைத் தின்றதற்கு இது ஈடு என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டதில் ஒரு நிம்மதிகூட இருந்தது. இதைத்தான் நான் மன்னிக்க மாட்டேன். தப்பே செய்யாத ஒருத்தி தனக்குத் தானே தண்டனை எழுதிக்கொண்டு, அதில் நிம்மதியும் அடைகிறாள் என்றால் அவளை வளர்த்தவர்களையும் வாழ்த்தினவர்களையும் என்ன சொல்வது?

கொஞ்சம் கொஞ்சமாக மதார் சாகிப்பின் பாதத்தில் தரை தெரிய ஆரம்பித்தது. முதலில் சூடு தெரிந்தது, பிறகு கல் குத்தினது தெரிந்தது. கல் குத்தினதற்காகச் சிரித்த மனுஷன் அவர் ஒருத்தராகத்தான் இருப்பார். மழைக்காலம் முடிந்ததும் வரதன் மேஸ்திரி முன்னால் போய் நின்று, மூட்டையைத் தூக்கிக்கொண்டு பலகையில் போய்த் திரும்பிக் காட்டினார். அன்றைக்கே சேர்த்துக்கொண்டான். தொழுகை முடிந்து வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்: “பொண்டாட்டிக்கு நியாயம் செஞ்சேன், கால் திரும்பக் குடுத்துட்டான். வேற மருந்தே இல்ல பாய்.” தவிட்டு அடையைத் துணியில் முடிந்து துறைமுகத்துக்கும் எடுத்துக்கொண்டு போனார். நிய்யத் நிய்யத்துதான்.

சாபிராவுக்குக் குடம் கனக்க ஆரம்பித்தது. குழாயடியிலிருந்து வருவதற்குள் இரண்டு இடத்தில் இறக்கி வைத்தாள். படுத்தால் மூச்சு முட்டிற்று. கால் வீங்கி வளையம் இறுகி, சோப்புப் போட்டுக் கழற்ற வேண்டியிருந்தது. நர்ஸம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. அடை தட்டும்போது ஒன்றை ஒளித்து வைத்தால் யாருக்குத் தெரியும்? ஒரு நாள் ஒளித்தும் வைத்தாள். அவர் மூட்டையோடு பலகையில் நடப்பது கண்ணில் வந்தது. திரும்பவும் எடுத்து அவர் துணி முடிச்சிலேயே வைத்துவிட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காத்தூன் பீவி வந்தாள். தம்பி கால் வந்த சந்தோஷம், தான் பேசின பேச்சுக்கு வெட்கம், இரண்டும் சேர்ந்து கையில் அரை டஜன் வாழைப்பழமாக வந்திருந்தது. மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். காத்தூன் பீவி சாபிராவின் கன்னத்தைத் தடவி விரல்களை மடக்கிச் சொடக்குப் போட்டாள்.

“பாரு தம்பி, இப்பதான் இவளுக்கு ஒடம்பு புடிச்சுக் கீது. மூஞ்சி இன்னாமா பூரிச்சுக் கீது! அப்ப ஏதோ பேஜாருல பேசிட்டேண்டி, மன்ச்சுக்க.”

மதார் சாகிப்புக்குப் பெருமை தாங்கவில்லை. “வேளாவேளைக்கு நான்தான் எதிருக்க ஒக்காந்து துன்ன வெக்கிறேன்” என்றார்.

சாபிரா தன் தட்டைப் பார்த்தாள். ரொம்ப நாளாகத் தனக்குள் ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்திருந்தாள். இப்போது ஒன்று இருந்தது. பயம். நன்றாகத் தெரிந்தது, செத்துப்போகக் கூடாது என்று இருந்தது. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் அவரிடம் வாய்விட்டு ஒன்றும் கேட்டதில்லை.

“இன்னாங்க,” என்றாள். “எனக்கும் கொஞ்சம் அடை குடுங்க. ஒரு துண்டு.”

அவர் கை பாதியில் நின்றது. பிறகு கண் கலங்கச் சிரித்தார், அக்காளைப் பார்த்துச் சிரித்தார்.

“பாத்தியாக்கா இவ கொணத்த? எனக்காவ இன்னும் தவிடு துன்றேங்கிறா.” மீதி அடையை மொத்தமாகச் சுருட்டித் தன் வாயில் போட்டுக்கொண்டார். சட்டியிலிருந்த சேமியாவை வழித்து அவள் தட்டில் வைத்தார். “நான் உசுரோட கீற வரிக்கும் உனக்குத் தவிடு கெடையாது. துன்னு.”

காத்தூன் பீவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாபிரா தின்றாள்.